புறா வளர்ப்போர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பந்தய முடிவுகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. பரிசுகளும் கொடுத்தாயிற்று, அவற்றை ஒட்டிய சண்டைகளும் ஓய்ந்தாயிற்று. வழக்கம்போல் கூடூரில் தொடங்கி நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று, புறாக்களைத் திறந்துவிடும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். சென்னையிலிருந்து ரயில் பாதையில் விஜயவாடா ஏறத்தாழ 430 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் திரும்பாத புறாக்களைப் பற்றி இன்னும் சிலருக்கு மனம் ஆறவில்லை. எனக்கும்தான்.

புதிய உறுப்பினர்களுக்கு ஒரு விளக்கம். முதலில் இறங்கிய புறாவுக்கு ஏன் பரிசு இல்லை என்று இந்த ஆண்டும் கேட்டார்கள். எல்லாப் புறாக்களையும் ஓரிடத்தில் திறந்துவிட்டாலும், அவரவர் மாடி வெவ்வேறு தூரத்தில் இருக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்த்துத்தான் வெற்றியை முடிவு செய்கிறோம். வடக்கிலிருந்து வரும் புறா திருவொற்றியூரில் முதலில் இறங்கிவிட்டு ராயபுரத்துப் புறாவிடம் தோற்பது இதனால்தான். வானில் கரணம் அடிக்கும் கர்ணப் புறா வளர்க்கும் நண்பர்கள், தூரத்திலிருந்து வீடு திரும்பும் பந்தயப் புறாவான ஹோமரை வளர்ப்பவர்களுக்கே சங்கம் சேவகம் செய்கிறது என்று குறைப்பட்டார்கள். குறை நியாயமானது. அவர்களுக்கான நடுவர்களை இனி முன்கூட்டியே நியமிப்போம்.

இனி, நிர்வாகக் குழுவின் நேரத்தை அதிகம் தின்ற விஷயம். ஆகஸ்டில் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியதும், ஒரு கூட்டம் வந்து அதைக் கிழித்ததும் தொலைக்காட்சியில் ஓடின. அங்கே பிரச்சினை, தெருவில் தானியம் இறைத்துப் பெருகிய, யாரும் வளர்க்காத புறாக்களைப் பற்றியது. நாம் கூண்டில் வைத்து, காலில் அடையாள வளையம் போட்டு, கணக்கு வைத்து வளர்க்கிறவர்கள். ஆனால் அந்த வித்தியாசம் தொலைக்காட்சியில் தெரியாது. அடுத்த வாரமே நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னாலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. புறா எச்சம், நோய், விசில் சத்தம், ‘மாடியில் கூடும் சந்தேகத்துக்குரிய இளைஞர்கள்’ என்று நான்கு குற்றச்சாட்டுகள். நான்காவதைப் படித்துவிட்டு நம் பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிதம் எழுதிய பெரியவரையே மாடிக்கு அழைத்தோம். ஓய்வுபெற்றவர், நிதானமானவர். ஏறி வந்ததும் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, “பந்தயம் என்றால் சூதாட்டம்தானே தம்பி?” என்று கேட்டார். “சங்கத்தில் பணம் கட்டி ஆடினால் நீக்கம்தான் ஐயா, விதியிலேயே இருக்கிறது” என்றேன். அன்று ஒரு குஞ்சுக்கு வளையம் போட வேண்டியிருந்தது. பிறந்து ஒரு வாரம்தான். முன்விரல் மூன்றையும் குவித்து வளையத்துக்குள் நுழைத்து, கால்மேல் ஏற்றி, பின்விரலை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் பிந்தினால் கால் பருத்துவிடும், வளையம் ஏறாது. ஏறிவிட்டால் ஆயுளுக்கும் கழலாது. பெரியவர் குனிந்து பார்த்தார். “ஆதார் மாதிரி” என்றார். கைக்குட்டையை மட்டும் கடைசி வரை எடுக்கவில்லை.

புகாரையும் அவர் திரும்பப் பெறவில்லை. அவர் மனைவிக்கு மூச்சுத்திணறல் இருக்கிறது. புறாவின் இறகுத்தூளும் காய்ந்த எச்சமும் தொடர்ந்து மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். அதில் முதலில் மாட்டுவது கூண்டைச் சுத்தம் செய்கிற நாமேதான். ஆகவே, தினமும் சுத்தம் செய்வது, அந்த நேரத்தில் முகக்கவசம் அணிவது, எச்சத்தை மூட்டையில் கட்டி அப்புறப்படுத்துவது, அடுத்த வீட்டு ஜன்னல் பக்கம் வலை அடிப்பது என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டோம். மூத்த உறுப்பினர் ஒருவர், “நாற்பது வருடமாகப் புறா வளர்க்கிறோம், நேற்று குடிவந்தவனுக்கு எழுதிக் கொடுப்பதா?” என்று கோபித்துக்கொண்டார். அண்ணன் மன்னிக்க வேண்டும். மாடி நம்முடையது, காற்று பொது.

ஆனாலும் ஊர் நம்மைப் பார்க்கும் விதத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் புறாவுக்காகத் தன்னையே தந்த சிபியைச் சொல்கிறார்கள். புறநானூறே சோழனை, துலாக்கோலில் ஏறிய அவன் மரபில் வந்தவன் என்றுதான் பாடுகிறது. ஆனால் புறா வளர்க்கிறேன் என்று சொன்னால் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. பெல்ஜிய அரசர் 1886இல் பரிசாகத் தந்த பந்தயப் புறாக்களின் வழியில் இங்கிலாந்து அரச குடும்பம் சாண்ட்ரிங்காமில் இன்றும் கூண்டு வைத்திருக்கிறது. அங்கே அது மரபு, வியாசர்பாடியில் ரவுடித்தனம். 2015இல் தனுஷ் நடித்த ‘மாரி’ வந்த பிறகு பையன்கள் ஆர்வமாக வந்தார்கள் என்பது உண்மை. புறாக்காரன் என்றாலே வட்டாரத்துத் தாதா என்ற எண்ணத்துக்கும் அதுவே முத்திரை குத்தியது. ஒடிசா காவல்துறை 1946இல் புறா அஞ்சலைத் தொடங்கி, புயல் வெள்ளக் காலங்களில் கம்பி அறுந்தபோதெல்லாம் புறாவைத்தான் நம்பியது. அதை யாரும் படமாக எடுக்கவில்லை.

விழாக்களில் பறக்கவிட வெள்ளைப் புறா கேட்டு இந்த ஆண்டும் ஆள் அனுப்பினார்கள். மறுத்துவிட்டோம். பயிற்சி இல்லாத அழகுப் புறாவைக் கைதட்டலுக்கிடையே வீசினால் அதற்கு வீடு தெரியாது, மாலைக்குள் வைரி என்கிற வேட்டைப் பறவைக்கு இரையாகும். சமாதானத்துக்கு வேறு சின்னம் பார்த்துக்கொள்ளட்டும்.

கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட நம் உறுப்பினரைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை நிறைவடையாது. ஹோமர் புறா வளர்க்கிற யாருக்கும் தெரியும்: பழகிய புறாவை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் அது பழைய வீட்டுக்குத்தான் போகும். அவரும் தெரிந்தேதான் எடுத்துப் போனார், விட்டுவர மனமில்லை. ஒருநாள் கதவு சரியாகத் தாழிடாததில் மூன்று பறந்துவிட்டன. இடித்துத் தள்ளிய வீட்டின் இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்தவற்றை நம் பையன்கள்தான் பிடித்துக் கொடுத்தார்கள். இப்போது அவற்றைக் கூண்டுக்குள்ளேயே ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார். அங்கே பொரிக்கும் குஞ்சுகள்தான் இனி அந்த இடத்தை வீடு என்று அறியும். மொட்டைமாடிக்கு அங்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவிக்கு மனு கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை.

ஊர் நம்மை ஒதுக்குகிறது என்று பேசும் நாம், நம் கதவையும் பார்க்க வேண்டும். உறுப்பினர் ஒருவரின் மகள் இரண்டு பருவமாக அப்பாவின் பெயரில் புறா விடுகிறாள். தீனி கலப்பதிலிருந்து ஜோடி சேர்ப்பது வரை எல்லாம் அவள்தான். பெண்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது என்று விதியில் எங்கும் எழுதவில்லை, ஆனால் கொடுத்ததும் இல்லை. வரும் ஆண்டு அவள் பெயரில் அட்டை வழங்கத் தீர்மானம் முன்மொழிகிறேன்.

இன்னொன்று பணம். 2020இல் ‘நியூ கிம்’ என்ற பெல்ஜியப் பெட்டைப் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனதிலிருந்து, நம்மிடமும் வெளிநாட்டு ரத்தம் என்ற பேச்சு அதிகமாகிவிட்டது. நல்ல சம்பளம் வாங்கும் புதிய நண்பர்கள் வருகிறார்கள், வரட்டும். அவர்கள் வந்த பிறகு அதிகாரிகள் நமக்கு நாற்காலி போடுகிறார்கள் என்பதையும் கவனித்தேன். அந்த மரியாதைக்காக நுழைவுக் கட்டணத்தை ஏற்றி, கம்பும் சோளமும் கடனுக்கு வாங்கிப் போடும் பையனை வெளியே தள்ள மாட்டோம். கட்டணத்தை இரண்டு மடங்காக்கும் யோசனையைக் குழு நிராகரித்தது. நானும் எதிர்த்தே வாக்களித்தேன்.

மாஞ்சா நூல் விவகாரத்தில் பட்டம் விடும் பையன்களுடன் பேசினோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே தடை விதித்தும் நூல் கிடைக்கத்தான் செய்கிறது. அவர்களும் நம்மைப் போலவே மாடிவாசிகள், போலீஸ் பெயரைச் சொன்னால் பேச்சே நடக்காது. இறக்கை அறுந்த புறா ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினோம். பந்தய நாள்களில் பருத்தி நூல்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தெரு மட்டும் இன்னும் இசையவில்லை.

2026ஆம் ஆண்டுக்கான வளையங்களுக்குப் பெயர் கொடுக்காதவர்கள் இன்று கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடவும். கழுத்து திருகும் நோய்க்கான தடுப்பூசி போடாத புறாக்கள் பந்தயப் பெட்டியில் ஏற்றப்படமாட்டா. சென்ற பருவத்தில் இரவல் வாங்கிய இரண்டு பெட்டிகள் இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
செயலாளர்