மக்காச்சோளமும் மேலோட்டமான உழவும்

ஆசிரியருக்கு,

மக்காச்சோளத்துக்கு உரம் கிடைக்கவில்லை என்ற செய்தி பருவம்தோறும் வருகிறது. போட்ட உரம் பயிருக்குக் கிடைக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் கரிசல் காடுகளில் இப்போது உழவு என்றாலே பெரும்பாலும் டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர்தான். மண் மாவு போல ஆகிவிடும், பார்க்க அழகு. ஆனால் அது கிளறுவது அரை அடிக்குள்தான். வருடா வருடம் அதே ஆழத்தில் ஓட்டினால் அடிமண் இறுகிப் பாளம் கட்டிவிடும். மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது. மேலே போட்டால் மேலேயே கிடக்கும். மேல்மண் காய்ந்துவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது, ஈரம் தேடிக் கீழே இறங்கவும் வழியில்லை. மணிச்சத்துக் குறைவால் இளம்பயிரின் இலை ஊதா நிறமானதும், அந்தச் சத்துள்ள டிஏபி உரத்தில் இன்னொரு மூட்டை எடுத்து நீட்டும் கடைக்காரர்களுக்கு இது தெரியாதா என்ன!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், இறுகிய மண்ணில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, அடிமண் பாளத்தை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறது: அரை மீட்டர் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக, கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம். அதற்காக ஆண்டுதோறும் ஆழ உழவும் வேண்டாம். மண்ணின் மட்கு சீக்கிரம் கரைந்துவிடும், டீசல் செலவு வேறு. அறுவடைக்குப் பின் தட்டையைக் கொளுத்தாமல் விட்டாலே தழைச்சத்து (நைட்ரஜன்) புகையாகப் போகாது.

ஈர மண்ணில் உளிக்கலப்பை ஓட்டினால் பாளம் சரியாக உடையாது. எனவே வேளாண் பொறியியல் துறை, வட்டாரத்துக்கு ஒரு உளிக்கலப்பையாவது கோடை மழைக்கு முன்பே வாடகைக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

ஒரு விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்