சூரோவ் அவர்களுக்கு, 75 சதவீதம் பற்றி

மதிப்பிற்குரிய விளாதிமீர் சூரோவ் அவர்களுக்கு,

நீங்கள் 2023 மார்ச்சிலேயே காலமாகிவிட்டீர்கள், அதனால் பதில் எதிர்பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது கேட்டவர்களுக்கும் உருப்படியாகப் பதில் சொன்னீர்களா என்பது வேறு விஷயம்.

2011 டிசம்பர் 4, ரஷ்ய நாடாளுமன்றமான டூமாவுக்குத் தேர்தல். மத்தியத் தேர்தல் ஆணையத் தலைவர் நீங்கள். ஆளுங்கட்சியான ஐக்கிய ரஷ்யாவுக்கு 49.32 சதவீதம், 450-இல் 238 இடங்கள் என்று அறிவித்தீர்கள். அன்றிரவு அரசுத் தொலைக்காட்சியில் ரஸ்தோவ் மாகாண நிலவரம் ஓடியது; திரையில் இருந்த கட்சிகளின் சதவீதங்களைக் கூட்டினால் 146 வந்தது. சரி, அது டிவிக்காரர்களின் குளறுபடி, உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் செச்சன்யாவில் ஆளுங்கட்சிக்கு 99.48 என்று போட்டது உங்கள் ஆணையம்தான்.

எனக்குத் தாங்காத விஷயம், நீங்கள் லெனின்கிராத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர் என்பது. தேர்தல் முடிவுகளைப் புள்ளிவிவரமாக ஆராய்ந்த செர்கேய் ஷ்பில்கினும் இயற்பியல்காரர்தான். உங்கள் ஆணையம் வெளியிட்ட வாக்குச்சாவடி வாரியான முடிவுகளையே எடுத்து அவர் வரைபடம் போட்டார். வாக்குப்பதிவு கூடக்கூட ஆளுங்கட்சியின் பங்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதைவிட வேடிக்கை, 70, 75, 80, 85 சதவீதம் என்று கச்சிதமான எண்களைக் காட்டிய சாவடிகள் மட்டும் திடீரென்று அதிகம்; அந்த இடங்களில் கோடு ஈட்டி போலக் குத்திட்டு நின்றது. மேலிடம் 75 கேட்டால் கீழே இருப்பவர் 73.6 என்றா எழுதுவார்? கேட்டதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்! சுமார் 1.5 கோடி ஓட்டுகள் சந்தேகத்துக்குரியவை என்பது ஷ்பில்கினின் கணிப்பு.

கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மாஸ்கோ இருக்கிறது. அங்கே 3,164 வாக்குச்சாவடிகளில் 156-ஐக் குலுக்கல் முறையில் பொறுக்கி, தன்னார்வப் பார்வையாளர்களை உட்கார வைத்தார்கள். அந்தச் சாவடிகளில் ஆளுங்கட்சியின் பங்கு மற்ற இடங்களைவிடச் சுமார் 11 புள்ளி குறைவு. ஒரே ஊர், ஒரே நாள், அதே மாதிரி வாக்காளர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த டிசம்பரில் தேர்தல் மோசடியை எதிர்த்து மாஸ்கோவில் குளிரில் நின்ற கூட்டத்தின் கோஷங்களில் ஒன்று, 'சூரோவை நம்பவில்லை, கவுஸை நம்புகிறோம்'. இயல்பான புள்ளிவிவரம் காட்டும் மணி வடிவக் கோட்டுக்குப் பெயர் தந்த கணித மேதையின் பெயரைச் சொல்லிப் போராடுகிற அளவுக்கு ஜனங்களைக் கொண்டுவந்து விட்டீர்கள். தேர்தல் முடிந்த சில நாளிலேயே அன்றைய அதிபர் மெத்வேதெவ் உங்களைக் கிட்டத்தட்ட மந்திரவாதி என்று புகழ்ந்திருந்தார். 2007 தேர்தலின்போது, நேர்மையாக நடக்காவிட்டால் தாடியை எடுத்துவிடுகிறேன் என்று நீங்கள் சொன்னதும் எல்லோருக்கும் நினைவிருந்தது. தாடி பத்திரமாகவே இருந்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல்களைக் கண்காணித்து வந்த கோலோஸ் அமைப்பின் கிரிகோரி மெல்கோன்யன்ட்ஸுக்கு 2025 மே மாதம் ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஜூலையில் அமைப்பே மூடப்பட்டது. இனி உங்கள் நாற்காலியில் உட்காருபவர்கள் 75-ஐ 73.6 ஆக்குவதற்குக்கூட மெனக்கெட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாக்காளன்