நியூட்ரினோவின் நிறையும் பொட்டிப்புரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் பற்றித் தமிழ் நாளிதழ்களில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்திகளும் கட்டுரைகளும் வந்துகொண்டிருக்கின்றன. மலையைக் குடைவது, வெடி வைப்பது, வழக்கு, தீர்ப்பு என அனைத்தையும் படித்துவிட்டோம். ஆனால் அந்த ஆய்வகம் எந்தக் கேள்விக்கு விடை தேட இருந்தது என்பதை அவற்றில் காண்பது அரிது. இம்மாவட்டப் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அந்தக் கேள்வி நியூட்ரினோவின் நிறை பற்றியது. 1930ஆம் ஆண்டு இயற்பியலாளர் வுல்ஃப்காங் பவுலி, அணுக்கருச் சிதைவில் குறைவதாகத் தோன்றிய ஆற்றலுக்குக் கணக்குச் சொல்வதற்காக முன்மொழிந்த இத்துகள், 1956இல் அமெரிக்க அணு உலை ஒன்றின் அருகே கண்டறியப்பட்டது. மின்னூட்டம் இல்லாத இத்துகள் எதனுடனும் எளிதில் வினைபுரிவதில்லை. இதில் எலெக்ட்ரான், மியூவான், டாவ் என மூன்று வகைகள் உண்டு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே, நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற அளவில் கடந்துசெல்கின்றன. இவற்றுக்கு நிறையே கிடையாது என்றுதான் துகள் இயற்பியலின் செந்தரக் கோட்பாடு வகுக்கப்பட்டிருந்தது.

1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களை எண்ணத் தொடங்கினார். கோட்பாட்டு அடிப்படையில் ஜான் பாகால் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைத்தது. கணக்கு பிழையா, கருவி பிழையா என்ற விவாதம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஜப்பானில் 50,000 டன் நீரைக் கொண்ட சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் 1998இல் வேறொரு வழியில் இதற்குத் துப்புக் கொடுத்தது. தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்தில் பிறந்து சில கிலோமீட்டர்களே கடந்து வரும் மியூவான் நியூட்ரினோக்கள் எதிர்பார்த்த அளவில் இருந்தன. பூமியின் மறுபக்கத்தில் பிறந்து 13,000 கிலோமீட்டர் வரை ஊடுருவி வந்தவையோ ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. 2001, 2002 ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம், 1,000 டன் கனநீரின் (கன ஹைட்ரஜன் கொண்ட நீரின்) உதவியால், சூரியனிலிருந்து வரும் எல்லா வகை நியூட்ரினோக்களையும் சேர்த்து எண்ணியபோது பாகாலின் கணக்கு சரியாகவே இருந்தது. எவையும் தொலைந்துபோகவில்லை, எலெக்ட்ரான் நியூட்ரினோக்களாகப் புறப்பட்டவற்றில் பெரும்பகுதி வரும் வழியில் மியூவான், டாவ் வகைகளாக மாறியிருந்தன. டேவிஸின் கருவியோ எலெக்ட்ரான் வகையை மட்டுமே எண்ணக்கூடியது. இந்த இரு ஆய்வுகளுக்குமாகத் தக்காகி கஜிதாவும் ஆர்தர் மெக்டொனால்டும் 2015ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வகை மாறுவதற்கும் நிறைக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சுருதி மிகச் சிறிதளவே விலகிய இரண்டு தம்புராத் தந்திகளை ஒன்றாக மீட்டினால் ஒலி ஏறியும் இறங்கியும் அலைவதைக் கேட்டிருப்போம். இதுவும் அதுபோலத்தான். ஒவ்வொரு வகை நியூட்ரினோவும் மூன்று வெவ்வேறு நிறைநிலைகளின் கலவை. நிறைகள் வேறுபடுவதால் அவற்றின் அலைகள் பயணத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலக, கலவையும் தூரத்துக்கேற்ப மாறுகிறது. மூன்றின் நிறையும் சுழியாக இருந்தால் இந்த அலைவு நிகழாது. ஆனால் அலைவிலிருந்து நிறைகளின் இருமடிகளுக்கிடையேயான வேறுபாடு மட்டுமே தெரியவரும், நிறை தெரியாது. ஏதேனும் ஒன்றாவது குறைந்தது 0.05 எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) நிறையுடையது என்று அதைக்கொண்டு சொல்லலாம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் நடக்கும் காட்ரின் ஆய்வு 0.45 எலெக்ட்ரான் வோல்ட் என்று மேல் எல்லை வகுத்துள்ளது. இது எலெக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

மூன்று நிறைநிலைகளில் மூன்றாவது மற்ற இரண்டையும்விடக் கனமானதா, இலேசானதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பொட்டிப்புரம் தேடவிருந்த விடை இதுதான். 50,000 டன் காந்தமூட்டிய இரும்புத் தகடுகளில், நியூட்ரினோ தோற்றுவிக்கும் மியூவான் என்ற மின்னூட்டமுள்ள துகள் ஒரு பக்கமும், அதன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோ தோற்றுவிப்பது மறுபக்கமும் வளையும். பூமியின் ஊடாக வரும் இவ்விரண்டின் அலைவுகளும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக்கொண்டு நிறைகளின் வரிசையை அறியலாம். விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் பிற துகள்களை வடிகட்டுவதற்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை தேவைப்பட்டது.

திட்டத்தை எதிர்ப்பவர்களை நான் குறை கூறவில்லை. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காட்டுக்கும் இடையிலான புலிகள் வழித்தடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறையும் நீரோட்டமும் ஆகியவற்றைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்த மறுப்பு, மதிக்க வேண்டிய மறுப்பு. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நீலகிரியின் சிங்காராவும் முதுமலைக் காட்டை முன்னிட்டே 2009இல் கைவிடப்பட்டது. திட்டத்தினரும் ஊர் மக்களிடம் தமிழில் விளக்கும் வேலையை இன்னும் முன்னதாக, இன்னும் பொறுமையாகச் செய்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நியூட்ரினோவே நஞ்சு என்றும், அணுக்கழிவைப் புதைக்கவே சுரங்கம் வெட்டுகிறார்கள் என்றும் பரவிய பேச்சு வேறு வகையானது. அந்த ஆய்வகம் நியூட்ரினோவை உற்பத்தி செய்யப் போவதில்லை. வருவதை எண்ணத்தான் போகிறது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 6,500 கோடி நம்மைக் கடந்துகொண்டுதான் இருக்கும். காட்டுக்காகச் சொல்லப்படும் உறுதியான வாதம், இத்தகைய பேச்சோடு கலக்கும்போது வலுவிழக்கிறது.

இத்துறை நமக்கு அந்நியமானதும் அல்ல. வளிமண்டல நியூட்ரினோ முதன்முதலாக உணரப்பட்ட இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோர் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினருடன் சேர்ந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அதைப் பதிவுசெய்து வெளியிட்டனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில், 1956இல் நியூட்ரினோவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ரெய்ன்ஸின் குழுவினர் கண்ட முடிவு சில நாள்கள் கழித்தே வெளிவந்தது. அந்த ஆழத்துக்குச் சுரங்கத்தை இறக்கிய தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டாமா?

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 20,000 டன் ஒளிர்திரவத்துடன் அமைந்த ஜூனோ ஆய்வகம், இதே நிறைவரிசையைக் கண்டறிவதற்காக 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மேலும் பெரிய கருவிகள் உருவாகின்றன. ஆகவே தாங்கள் பொட்டிப்புரம் பற்றி இனி வெளியிடும் செய்திகளில், எதிர்ப்பின் காரணங்களோடு ஆய்வின் கேள்வியையும் சில வரிகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பொட்டிப்புரத்துக்கான கருவியின் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி மதுரையில் அமைக்கப்பட்டுள்ளது. தங்கள் செய்தியாளர் ஒருவர் அங்கு சென்று, அது இயங்கும் முறையை மாணவர் பக்கத்துக்கு எழுதினால் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கம்பம், தேனி மாவட்டம்.