555 புத்தகத்தில் எழுத முடியாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரின் ஆன்மீகப் பக்கத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் கிறிஸ்தவர்கள் தங்களை அன்றாடம் கணக்கெடுக்க வேண்டும் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை நிமிடம் ஜெபித்தோம், எத்தனை அதிகாரம் வாசித்தோம், எத்தனை முறை கோபப்பட்டோம் என்று எழுதி, வாரக் கடைசியில் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார் கட்டுரையாளர். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழியில் இரண்டு ஆண்டுகள் நடந்து நொந்துபோனவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மளிகைக் கடைக் கடனை எழுதும் 555 புத்தகத்தை அறியாத ரப்பர்த் தோட்டக் குடும்பம் மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்காது. சட்டைப்பையில் அடங்கும் அப்படி ஒரு சிறு புத்தகத்தில்தான் என் ஆத்துமக் கணக்கையும் எழுதி வந்தேன். அப்போது என் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு, ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள், ஊட்டிய கஞ்சியை அவர் அப்படியே துப்பிவிட்டார். அப்போதுதான் மாற்றிய விரிப்பு முழுவதும் கஞ்சி. நான் கத்திவிட்டேன். பேச்சு வராத அவர், அசையக்கூடிய ஒரு கையால் அந்த விரிப்பைத் தானே துடைக்கப் பார்த்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அன்று இரவு புத்தகத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். மறுநாளும் போட்டேன். குறிகள் கூடக் கூட என் பொறுமை வளரவில்லை. ஆண்டவர் முன் நிற்கும் வெட்கம்தான் வளர்ந்தது. கடன் ஏறிப்போன வீட்டுப் பிள்ளை, கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போகும். அப்படித்தான் நான் ஜெபத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

இரட்சிப்பு கிருபையினால் என்று எல்லாச் சபைகளிலும் சொல்கிறோம். எபேசியர் 2:8-ஐ ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். திங்கட்கிழமை விடிந்தால் மட்டும் எல்லாம் நம் தலையில் விழுந்துவிடுகிறது. ஆவியினாலே ஆரம்பித்துவிட்டு மாம்சத்தினாலே முடிக்கப் போகிறீர்களா என்று கலாத்தியரைப் பவுல் கேட்டது இதைத்தானே?

நான் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இதே வழியில் நடந்தவர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து நேரம் குறித்து ஜெபித்தார், உபவாசித்தார், சிறைக் கைதிகளைச் சந்தித்தார், மணிக்கு மணி தன் நிலையை நாட்குறிப்பில் எழுதினார். அந்தக் குழுவின் கட்டுப்பாட்டைப் பார்த்துப் பிறர் கேலியாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். 1735-இல் ஊழியத்துக்காக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போனவர், மனம் உடைந்து இங்கிலாந்து திரும்பினார். 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து ஒருவரையே தன் இரட்சிப்புக்கு நம்பியிருப்பதை உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34. அதற்குப் பிறகு அவர் ஓய்ந்து உட்காரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

கிருபை, கிருபை என்று சொன்னால் விசுவாசிகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இருட்டிலேயே எழுந்து, உளியைத் தீட்டிக்கொண்டு மர நிரைக்குப் போய்விடுவார். ஒரு நாள்கூடச் சோம்பி இருந்து நான் பார்த்ததில்லை. பால் அதிகம் வரட்டும் என்று நான் உளியை ஆழமாக இறக்கியபோது கையைப் பிடித்துக்கொண்டார். மரத்தில் காயம் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் உளி வைக்க முடியாது. "மெல்லிசாகச் சீவினால் போதும், பாலை மரம் தரும்" என்றார். எல்லாரையும்விட அதிகமாகப் பிரயாசப்பட்டேன் என்று எழுதிய பவுல், அதே வசனத்தில் "நானல்ல" என்று எழுதியதை வாசிக்கும்போதெல்லாம் அப்பாவின் நினைவு வருகிறது.

காலையில் பெயர் பதியும் பிரட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பேர் விழாது, மழை பெய்தால் கூலி இல்லை என்ற வாழ்க்கையில் வந்தவர்கள் நாம். ஆண்டவரும் அப்படித்தான் பிடித்துக்கொள்வார் என்று நம்மை அறியாமலேயே நினைத்துவிடுகிறோம். மத்தேயு 20-இல் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில், வேலை முடியப் போகும் பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைத்தது. அந்த ஒரு பணத்தின் அருமை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

எங்கள் சபையின் மூத்த அக்கா ஒருவர் என் 555 புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொறுமை உன்னிடம் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும், தங்கச்சி. கேட்டு வாங்கிக்கொள்" என்றார். அதன்பின் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, "என்னிடம் இல்லை ஆண்டவரே, நீர் தாரும்" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியாரின் அறைக்குள் போவேன். அதற்குப் பிறகும் கத்தியிருக்கிறேன். ஆனால் கத்திய அன்றே அவர் கட்டிலருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க முடிந்தது. முன்பு குறி போடத்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத் துணிவு வந்ததில்லை.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். லெந்து முடிவதற்குள், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற 2 கொரிந்தியர் 12:9-ஐ எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களையும், இரவு வேலை முடிந்து கண் எரிய வீடு திரும்பும் ஆண்களையும் மனத்தில் வைத்து எழுதுங்கள். ஜெபக்கூட்டத்துக்கு வர முடியாததாலேயே தங்களைத் தள்ளுபடியானவர்களாக நினைத்துக்கொள்பவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். உங்கள் ஞாயிறு மலர் அவர்கள் வீட்டுக்கும் போகிறது.

இப்படிக்கு,
தமிழ் மெதடிஸ்ட் சபை வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்