கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எந்த ஊரில் ஓட்டு?

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

1951-52 பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறவில்லை. பெரும்பாலும் வடமாநிலப் பெண்கள். சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்றே பதிந்திருந்ததால் அந்தப் பதிவுகள் செல்லாமல் போயின. இன்று பெயரைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. ஆனால் கல்யாணமாகி ஊர் மாறும்போது அதே இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது.

பிறந்த ஊரில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருகிறார். “கட்டிக்கொடுத்துட்டோம், இப்ப இங்க இல்ல” என்கிறார்கள் பெற்றோர். நீக்கும் முன் வரும் அறிவிப்பும் அந்தப் பழைய முகவரிக்கே போகிறது; மகள் கைக்கு வருவதில்லை. புகுந்த ஊரிலோ அவர் விண்ணப்பித்திருக்க மாட்டார். கையில் அடையாள அட்டை இருக்கிறதே என்று வாக்குச்சாவடிக்குப் போகிறார். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டை மட்டும் உதவாது.

உங்கள் ஒவ்வொரு குழுவிலும் 12 முதல் 20 பேர் இருக்கிறீர்கள். யார் வீட்டுக்கு மருமகள் வந்தாள், யார் மகள் எந்த ஊருக்குப் போனாள் என்பது எந்த அலுவலகத்தையும்விட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம். இறுதி செய்யும் முன் வெளியிடும் வரைவுப் பட்டியல் வந்ததும் உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பாகத்தை அலுவலரிடம் கேட்டு வாங்கி, குழுக் கூட்டத்தில் வீடு வீடாக வாசித்துப் பாருங்கள். விடுபட்ட பெண்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே பழைய ஊர், தொகுதி, வாக்காளர் அட்டையிலுள்ள எண் (3 ஆங்கில எழுத்தும் 7 இலக்கமும்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படிவம். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பழைய ஊர்ப் பட்டியலில் பெயர் இன்னும் இருந்தால், அதைப் புதிய முகவரிக்கு மாற்றக் கொடுக்க வேண்டியது படிவம் 8. தொகுதி மாறினாலும் அதுவே. எந்த ஊரிலும் பெயர் இல்லை என்று உறுதியானால் மட்டும், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6. பழைய பதிவு இருக்கும்போதே படிவம் 6 கொடுத்தால் இரண்டு இடத்தில் பெயர் ஏறிவிடும். அது சட்டப்படி கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

முகவரிச் சான்று மருமகள் பெயரில் இல்லையே என்று பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. அதே முகவரியில் வாக்காளராக உள்ள கணவர் பெயரிலான மின்கட்டண ரசீதோ வங்கிக் கணக்குப் புத்தகமோ போதும். உறவினர் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கணவர் பெயருக்கு மாற்றியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தலைப்பெழுத்தும் அப்படித்தான். தேவையில்லாமல் மாற்றப் போய், ஆதாரில் ஒரு பெயரும் பட்டியலில் ஒரு பெயருமாக ஆகிவிடுகிறது.

இருபது பேரின் படிவங்களைக் கட்டாகச் சேர்த்து ஒருவரே கொடுக்காதீர்கள். மொத்தமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஒரே வீட்டாருடையதைச் சேர்த்துக் கொடுக்கலாம். மற்றபடி அவரவர் நேரில் கொடுப்பதே சரி. படிவத்தின் அடியிலுள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்காமல் திரும்ப வேண்டாம். அந்தச் சீட்டிலுள்ள எண் இல்லாமல் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. சந்தேகம் இருந்தால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

18 வயதாகப் போகும் பெண்களையும் அதே நோட்டில் சேருங்கள். 17 முடிந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாட்கள் ஆண்டுக்கு நான்கு இருக்கின்றன.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. ஆட்சேபணைக்கும் விசாரணைக்கும் அதற்கு முன்பே நாட்கள் வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்கி, 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பில் ஈடுபட்டிருப்போர்