உன் கிட்டாரைத் தேடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கீபோர்டில் சொந்தமாக ஒலி செய்ய ஏன் இந்த அடம் என்று நீ கேட்டதற்கு எழுத்தில் மட்டும் பதில் சொல்ல மனம் வரவில்லை, காதாலும் கேட்கிற மாதிரி ஒன்று செய்து அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. அதை முடிக்க இத்தனை நாள் பிடித்தது. ஒலிப்பதிவு தனியாக வருகிறது. முதலில் கடிதத்தைப் படித்துவிடு, அப்புறம் கேள்.

விரல் மூட்டு வலியால் பத்து நிமிடத்துக்கு மேல் கிட்டாரைப் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை ஒரு நாளும் விடாதே. கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். அவசரப்படாதே, இந்தக் கடிதம் முடியும்வரை பொறு.

இங்கே எல்லோரும் நலம். மகள் மேற்படிப்புக்குப் போன பிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது. அவளே போனில், “அப்பா, உங்க கீபோர்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டாள். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடுகிறேன். இந்த வருஷம் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான்.

“ஆயுசு முழுக்க பிரீசெட்டை, கருவியோடு வரும் ஆயத்த ஒலிகளை, வாசித்தே காலம் தள்ளினவன், இப்போது மட்டும் சொந்தமாக ஒலி செய்ய என்ன அடம்?” என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. யமஹா டிஎக்ஸ் 7 சின்தசைசர் கீபோர்டு உனக்கு நினைவிருக்கும். 1983இல் வந்தது. நாம் வாசிக்கப் போன இடத்தில் எல்லாம் யாராவது ஒருவரிடம் ஒன்று இருக்கும், எல்லோரும் அதிலிருக்கும் அதே எலெக்ட்ரிக் பியானோ ஒலியையே வாசிப்பார்கள். அதன் உள்ளே போய் ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தவர் நம் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது. எனக்கும் பயம்தான். போன வருஷம் பழைய டிஎக்ஸ் 7 ஒன்று என் கைக்கு வந்தது. இந்த முறை உள்ளே போகாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

திருகுவதற்கு ஒரு குமிழ்கூட அதில் இல்லை. தட்டையான பொத்தான்கள், எண்ணை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர், வரிக்கு 16 எழுத்து வீதம் இரண்டே வரி காட்டும் சின்னத் திரை, அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண் கண்ணுக்குத் தெரியும். மற்றதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். முதல் மாதம் இது பெரிய தொல்லையாக இருந்தது. இப்போது இதனால்தான் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். இதே வேலையைக் கணினியில் செய்து பார்த்து, எல்லாம் படமாகத் தெரிந்தபோது என் கண் முந்திக்கொண்டது. இதில் காது மட்டும்தான் துணை.

அடிப்படையைச் சொல்கிறேன். கருவிக்குள் இருப்பவை ஆறு சைன் அலைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆபரேட்டர். தனியாகக் கேட்டால் ஆறும் ஒரே மாதிரி, வெறும் ‘ஊ’ என்று வழவழப்பாக இருக்கும். ஒன்று இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டும்போதுதான் ஒலிக்கு நிறம் வருகிறது. இந்த முறைக்குத்தான் எஃப்எம் என்று பெயர். ஆட்டுவது மாடுலேட்டர், ஆட்டப்படுவது கேரியர். நம் காதுக்கு வருவது கேரியர் மட்டுமே. யார் யாரை ஆட்டுவது என்ற இணைப்பு முறைக்கு அல்காரிதம் என்று பெயர். மொத்தம் 32, எல்லாம் கருவியின் முகப்பிலேயே படமாக அச்சிட்டிருக்கும்.

இந்த எஃப்எம் முறையைக் கண்டுபிடித்த ஜான் சௌனிங் பொறியாளர் அல்ல, இசையமைப்பாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பாரிஸில் இசை ஆசிரியை நாடியா பூலான்ஷேயிடம் இசை படித்தவர். 1967இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கணினியை வைத்து வைப்ராட்டோ சோதித்துக்கொண்டிருந்தார். நீ ஒரு சுரத்தைப் பிடித்து விரலை அசைக்கிறாயே, அதே அசைவு. நொடிக்கு ஐந்தாறு தடவை அசைந்தால் அது வைப்ராட்டோ. அவர் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஆனதும் அசைவு காதில் படவில்லை, ஒலியின் நிறமே மாறிவிட்டது. அதை ஆராய்ந்து 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு யமஹா அதற்கு உரிமம் வாங்கி, பத்து வருஷத்தில் இந்தக் கருவியில் கொண்டு வந்தது. வைப்ராட்டோவிலிருந்து பிறந்த ஒலி என்று தெரிந்த நாளில் எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போக இன்னும் இரண்டு மாதம் ஆனது. நான் செய்த தவறு, ஏற்கெனவே இருக்கும் ஒலிகளைத் திறந்து அங்கங்கே எண்களை மாற்றிப் பார்த்தது. ஆறு ஆபரேட்டர், ஒவ்வொன்றுக்கும் என்வலப்பில், அதாவது ஒலி எழுந்து அடங்கும் போக்கைச் சொல்லும் அமைப்பில், எட்டு எண். எதைத் தொட்டால் எது மாறும் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு நாள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வெற்று ஒலியிலிருந்து ஆரம்பித்தேன். முதல் ஆபரேட்டர் மட்டும் ஒலிக்கும், மற்ற ஐந்தும் பூஜ்யத்தில் இருக்கும். முதல் அல்காரிதத்தில் இரண்டாவது ஆபரேட்டர் முதலாவதை ஆட்டும். அந்த ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்தேன்.

ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது ஆபரேட்டரின் அளவைப் பூஜ்யத்திலிருந்து 99 வரை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். 50 வரை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். 60ஐத் தாண்டும்போது ஒலிக்கு ஓர் ஓரம் வரும். 70, 75இல் பித்தளை வாடை அடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் முகம் மாறும், 90ஐத் தாண்டினால் பல் கூசும். சத்தம் கூடவில்லை, கூர்மைதான் கூடுகிறது. ‘அளவு’ என்றால் சத்தம் என்றே பழகிய எனக்கு இது உறைக்க நாளானது. அதிலும் இது ஒரே சீராகக் கூடும் கூர்மை இல்லை. ஒரு ஹார்மோனிக் (அடி ஒலியின் அதிர்வெண்ணின் மடங்காக எழும் மேல் ஒலி) எழும்பும்போது இன்னொன்று அமுங்குகிறது. ஆட்டும் ஆழத்தைக் குறிக்கும் குறியெண் 2.4ஐ நெருங்கும்போது கேரியரின் சொந்தப் பங்கே காணாமல் போய்விடுகிறது, அதன் பக்கத்தில் பிறந்தவை மட்டும் நிற்கின்றன. இந்த எழுச்சியும் அமுங்கலும்தான் எஃப்எம் ஒலியை உயிருள்ளதாக்குகிறது என்பது என் எண்ணம். ஒலியை வடிகட்டும் ஃபில்டரைத் திறந்து மூடும் கருவிகளில் இந்தக் குணத்தை நான் கேட்டதில்லை.

இனி உனக்காக எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு ஆபரேட்டர்களின் அதிர்வெண்ணும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் எந்தெந்த ஹார்மோனிக் பிறக்கும் என்பது முடிவாகிறது. கேரியர் 1, மாடுலேட்டரும் 1 என்றால் எல்லா ஹார்மோனிக்கும் வரும். மாடுலேட்டரை 2 ஆக்கினால் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை மட்டும் வரும், கிளாரினெட் மாதிரி உள்ளீடற்ற ஒலி. மாடுலேட்டரை 3 ஆக்கினால் 1, 2, 4, 5, 7, 8 வரும், மூன்றின் மடங்குகள் மட்டும் விழுந்துவிடும். நோட்டில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். உன் வலது கைதான் நினைவுக்கு வந்தது!

மெல்லிய இடம் வரும்போதெல்லாம் நீ கையைத் தந்திகள் அமரும் பாலத்திலிருந்து (பிரிட்ஜ்) நகர்த்தி, கழுத்தில் 12ஆவது ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேர் மேலே மீட்டுவாய். திறந்த தந்தியின் சரிபாதி அது. அங்கே மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் எழாது, ஏனென்றால் அவை அசையாமல் நிற்கும் புள்ளியையே நீ இழுத்துவிடுகிறாய். 1:2 விகிதம் தருவதும் இதே பட்டியலைத்தான். 19ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே மீட்டினால் அது பாலத்திலிருந்து தந்தியின் மூன்றில் ஒரு பங்கு. அங்கே மூன்றின் மடங்குகள் விழும். அது 1:3! ஒவ்வொரு ஹார்மோனிக்கும் எவ்வளவு என்பது கிட்டாரிலும் இதிலும் அப்படியே ஒத்துப்போகாது. ஆனால் எது இருக்கும், எது இருக்காது என்பது ஒன்றுதான். நீ கையை நகர்த்தியபோதெல்லாம் விகிதத்தைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாய். எனக்கு ஆறு வாரம் பிடித்ததை உன் கை எப்போதோ கற்றுவிட்டது.

அதற்குப் பிறகு வேறு எந்த ஒலியையும் செய்ய மனமில்லை. உன் கிட்டாரின் அந்த மெல்லிய தொனியை இதில் கொண்டு வர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாவது அல்காரிதத்தை எடுத்தேன். அதில் ஆறு ஆபரேட்டரும் மூன்று ஜோடியாகப் பிரிந்து நிற்கும். நாம் கேட்டுச் சலித்த எலெக்ட்ரிக் பியானோவும் இதில்தான் இருக்கிறது. அதில் ஒரு மாடுலேட்டர் 14 என்ற விகிதத்தில் நின்று, அந்த ‘டிங்’ என்ற உலோக முனையைத் தருகிறது. ஒரு ஜோடி உடல், ஒரு ஜோடி முனை என்று பிரித்து யோசிக்கும் முறையை அதைப் பார்த்துத்தான் கற்றேன். முதல் ஜோடியை 1:1இல் தணிந்த அளவில் வைத்தேன், அது கிட்டாரின் உடம்பு. இரண்டாவது 1:2, அது உன் கை நிற்கும் இடம். மூன்றாவது ஜோடி நகம் தந்தியை விட்டு விலகும் அந்தச் சின்ன ‘டிக்’குக்காக. அதில் மாடுலேட்டர் 11.

முதல் நாள் கேட்டபோது ஆர்கன் மாதிரி இருந்தது. ஏனென்றால் தொடங்கிய நிறம் அப்படியே நின்றது. தந்தி அப்படி நிற்காது, மேல் ஹார்மோனிக்குகள் முதலில் அடங்கும், அடி ஒலி கடைசிவரை இருக்கும். ஆகவே மாடுலேட்டரின் என்வலப் கேரியரை விடச் சீக்கிரம் இறங்க வேண்டும். இங்கே இரண்டு ராத்திரி வீணாயின. இந்தக் கருவியில் என்வலப்பின் எண் நேரத்தைக் குறிப்பதில்லை, வேகத்தைக் குறிக்கிறது. 99 என்றால் மிக வேகம். நான் நீளமாக அடங்கட்டும் என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன், ஒலி மேலும் மேலும் வெட்டுப்பட்டது. தலைகீழ் என்று புரிந்ததும் அரை மணி நேரத்தில் தந்தி வந்துவிட்டது. மூன்றாவது ஜோடியின் மாடுலேட்டரைக் கண் இமைக்கும் நேரத்தில் அடங்கவிட்டேன். முதன்முதலாக அந்த ‘டிக்’ கேட்டபோது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் விரல் தட்டும் வேகம். விசையை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோம் என்பதை மாடுலேட்டருக்குத் தெரியப்படுத்தலாம், ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் 0 முதல் 7 வரை. கேரியருக்குக் குறைவாகவும் மாடுலேட்டருக்கு அதிகமாகவும் கொடுத்துப் பார். மெதுவாகத் தொட்டால் விரல் சதையால் மீட்டிய மாதிரி மங்கலாக வரும், தட்டினால் நகம் பட்ட மாதிரி பளிச்சென்று வரும். எனக்கு இந்தக் கருவியிலேயே பிடித்த இடம் இது. மேல் சுரங்கள் மட்டும் கண்ணாடியைக் கீறுவது போல இருந்தன. அங்கே மாடுலேட்டர் அளவு தானாகக் குறையும்படி வைத்தேன், சரியாயிற்று.

உன்னால் இதைச் செய்ய முடியும். ஒரு விரல் போதும், ஒரு சுரத்தை அழுத்த. மற்றது எல்லாம் காது. பழைய கருவிதான் வேண்டும் என்பதில்லை, நான்கு ஆபரேட்டர் உள்ள சிறிய கருவிகள் இப்போது இருக்கின்றன, ஆரம்பிக்க அதுவே நல்லது என்று எனக்குப் படுகிறது. ஆரம்பத்தில் இரண்டு ஆபரேட்டரைத் தவிர எதையும் தொடாதே. விகிதத்தை முழு எண்ணில் வை. சலித்தால் ஒருநாள் 1:1.4 வைத்துப் பார். சௌனிங் தன் கட்டுரையில் மணி ஓசைக்கு எடுத்தது அதுதான், கேரியர் 200 ஹெர்ட்ஸ், மாடுலேட்டர் 280 ஹெர்ட்ஸ், 15 நொடி. இரண்டையும் சேர்த்து மெல்ல அடங்கவிடு. கடைசியில் ஒரு தனிச் சைன் அலை மட்டும் மிஞ்சி மறையும் இடத்தைக் கேட்கும்போது என்னை நினைத்துக்கொள்.

ஒலிப்பதிவில் ஆறு மாதிரிகள் இருக்கின்றன, ஆறும் ஒரே பகுதிதான், நாம் எப்போதும் சுருதி சேர்த்தபின் நீ வாசித்துப் பார்ப்பாயே, அந்த நான்கு கார்டுப் பிடிப்புகள். மூன்றாவதும் ஐந்தாவதும்தான் எனக்கு உன் கை போலக் கேட்கின்றன. ஆனால் இரண்டிலும் நகத்தின் ஓசை கொஞ்சம் தாமதமாக வருகிறதோ என்று சந்தேகம். அதை உன்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. கிட்டாரை எடுத்து, வலிக்காத அளவுக்கு, ஒரே ஒரு தந்தியை 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே மீட்டிப் பார்த்துவிட்டு எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பழைய கீபோர்டுக்காரன்