கிளினிக்கில் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு

பெயர் போட வேண்டாம் என்றதால் அக்கா என்றே எழுதுறன்.

அம்மாவுக்கு மார்பிலும் சூலகத்திலும் ஒரே நேரத்தில் புற்றுநோய். ஒன்றிலிருந்து மற்றது பரவவில்லை, இரண்டும் தனித்தனி என்று, கட்டியில் துண்டெடுத்துப் பார்த்த பயாப்சியில் தெரிந்தது. வெட்டி எடுக்காமல் முதலில் கீமோ என்றதும், கொட்டாஞ்சேனைச் சொந்தங்கள் 'ஒப்பரேசனுக்கு வழியில்லையாம்' என்று கதைக்கத் தொடங்கிவிட்டினம். வாய்க்கு வந்தபடி கதைக்க எங்கட ஆக்களுக்குச் சொல்லியா தரவேணும்!

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில், வைத்தியர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் விளங்கப்படுத்தினது நீங்கள்தான். பக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும் இரண்டு நோய்க்கும் பாவிக்கிற கீமோ மருந்துகள். கட்டி சுருங்கினால் வெட்டுவது சுலபம். ஒரு ஒப்பரேசன் காயம் ஆறும்வரை மற்ற நோயைச் சும்மா விட்டுவைக்கவும் தேவையில்லை.

பிறகு தோடம்பழப் பையைக் கிளறி ஒரு தெர்மோமீட்டரை எடுத்து அம்மாவின் கையில் வைத்தீங்கள். "காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காதீங்கோ, நேரே வார்டுக்கு." ஒருநாள் நள்ளிரவில் 38.4 காட்டியது. ஓட்டோ பிடித்து ஓடினோம். கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் கீமோவால் அடியோடு இறங்கியிருந்தன. உடனே அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள்.

ஒப்பரேசன் முடிந்து அம்மா இப்ப வீட்டில. புட்டு அவிக்கிறா, எனக்கு ஏசவும் தொடங்கிவிட்டா. உங்கட அம்மா எப்படி இருக்கிறா? நன்றி அக்கா.